முள்ளம்பன்றிக் குட்டி என்று சொன்னார்கள்

அன்றைக்கு நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்குப் பேசினீர்கள், நான் மட்டும் வாயே திறக்கவில்லை என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டுவிட்டீர்கள். திறக்காமல் இல்லை. நேரே போன் போட்டுத் திறந்தேன். திட்டு வாங்கியவன் நம் பழைய கிளாஸ் லீடர். அதை அவன் உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் என்னிடம் வாங்கியதையும் அவன் வெளியில் சொன்னதில்லை. நல்ல பிள்ளை.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரகடத்தில் அவன் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருக்கும் கிடங்கின் பின்பக்கம், கன்டெய்னர் நிறுத்த இடம் போதவில்லை என்று ஜேசிபி விட்டு முள்ளுக்காட்டை வழித்துக்கொண்டிருக்கிறார்கள். அதிலிருந்து உருண்டு வந்த ஒன்றைத் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், காய்கறி டிரேயைக் கவிழ்த்து உள்ளே வைத்து, பேரனையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படம் பிடித்து நமக்கு அனுப்பினான். கூடவே அவன் குரல்: “முள்ளம்பன்னிக் குட்டிப்பா. பேரன் உடமாட்டேன்றான். அதோட அம்மா தேடிக்கினு வரும்ல, வந்தா குடுத்துடலாம்னு வெச்சிக்கினு கீறோம்.”

உடனே நீங்கள் பேர் வைக்க ஆரம்பித்துவிட்டீர்கள். ஒருத்தர் முள்ளெலி என்றார். இன்னொருத்தர், அது இல்லை, எலிக்கு வால் இருக்கும், இது பன்றிக் குட்டிதான் என்றார். நம் பேங்க்காரர் இங்கிலீஷில் ஒரு பேரும் அதற்கு மேல் வாயில் நுழையாத இன்னொரு பேரும் போட்டார். ரிடையர் ஆகியும் அவருக்குத் திருத்துகிற கை நிற்கவில்லை. முன் பெஞ்சுக்காரி, “அத்த வூட்ல வெக்காத, முள்ளு கீற வூட்ல சண்ட ஓயாது,” என்றாள். அவள் வீட்டில் எந்த முள்ளும் இல்லாமலே சண்டை ஓயாதது நமக்குத் தெரியும். சிரிக்கிற மூஞ்சிகளாக ஒரு வரிசை வந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் படத்தில் கவிழ்த்த டிரேயின் பக்கத்தில் குந்தியிருந்த பையனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிக் குந்தியிருந்தவள் நான்.

நீங்கள் என்னைப் பார்த்தது ஆறாம் வகுப்பில்தான். தாயில்லாப் பிள்ளை என்று டீச்சர் சொல்லிவைத்ததால் என்னை யாரும் அடிக்கவில்லை, நான் எல்லாரையும் அடித்தேன். இது அதற்கெல்லாம் முந்தின கதை. நான் இரண்டாம் வகுப்பு படித்த கோடை.

எங்கள் வீடு மண்ணூர்ப் பக்கம். முள்ளுக்கா பஞ்சம் அங்கே? பள்ளிக்கூடம் போகிற வழியில் நெருஞ்சி. வரப்பெல்லாம் கண்டங்கத்திரி. இலந்தைப் பழத்துக்குக் கையை நீட்டினால் அதன் முள் கொக்கி மாதிரி பாவாடையைப் பிடித்து இழுக்கும். சப்பாத்திக்கள்ளிப் பழம் தின்னப் போனால் கண்ணுக்கே தெரியாத சுணை உதட்டில் ஏறும், அதற்கு மேல் பழத்தின் நடுவில் இருக்கிற முள்ளைத் தெரியாமல் விழுங்கினால் செத்துப்போவோம் என்று பெரிய பிள்ளைகள் பயமுறுத்துவார்கள். எங்கே பார்த்தாலும் வேலிகாத்தான். இப்போது என் மாடியில் குடியிருக்கும் ராமநாதபுரத்துப் பையன் இதைக் கேட்டுச் சிரிக்கிறான். “வேலிகாத்தானா? எங்கூர்ல சீமைக்கருவேலம்னு சொல்லுவாக ஆன்ட்டி,” என்கிறான். எந்தப் பேரில் குத்தினாலும் ரத்தம் ஒரே நிறம்தான், போய்த் தூங்கு என்பேன். நைட் ஷிப்ட் முடித்து வந்த பிள்ளை.

அம்மாவின் இடுப்பில் சாவிக்கொத்தோடு ஒரு முள்வாங்கி தொங்கும். பித்தளை. கூடவே அதே வளையத்தில் காது அழுக்கெடுக்கும் குட்டிக் கரண்டி ஒன்று. நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும், இப்போதைய பிள்ளைகளிடம் சொன்னால் கூகுளில் தேடுகிறார்கள். நான் நொண்டிக்கொண்டு வந்தால் அம்மா ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்து என் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வாள். குத்தின இடத்தில் எருக்கம்பால் ஒரு சொட்டு வைப்பாள். முள்வாங்கியைக் கையில் மறைத்துக்கொண்டு, “இன்னா முள்ளு? பேரச் சொல்லு. பேரச் சொன்னாத்தான் வெளிய வரும்,” என்பாள். நான் யோசிப்பேன். நெருஞ்சியா, காரையா, வேலிகாத்தானா? யோசித்து ஒரு பேரைச் சொல்லி முடிக்கும்போது முள் அவள் விரல் நுனியில் இருக்கும். பேர் சொன்னதால்தான் வந்தது என்று நான் வெகுகாலம் நம்பினேன். தப்பான பேரைச் சொன்னாலும் வந்தது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அம்மாவுக்கு அப்போது வயிறு பெரிதாக இருந்தது. பிரசவம் முடிகிற வரைக்கும் என்னை ஒரகடத்துக்கு இந்தப் பக்கம் இருந்த அத்தை வீட்டில் விட்டுவைக்கலாம் என்று முடிவு பண்ணினார்கள். அத்தை அப்பாவுக்கு அக்கா. பிள்ளை இல்லாதவள், பேச்சும் அதிகம் இல்லாதவள். நான் கிளம்பும்போது அம்மா வளையத்திலிருந்து முள்வாங்கியைக் கழற்றி என் பையில் போட்டாள். “அங்க வெறும் முள்ளு. அத்தைக்குக் கண்ணு சரியாத் தெரியாது. நீயே எடுத்துக்கோ. நான் வந்து வாங்கிக்கிறேன்,” என்றாள். இதை நான் கூட்டிக் குறைத்துச் சொல்லவில்லை. இப்படித்தான் சொன்னாள்.

அத்தை வீட்டுக்குப் போன நாலைந்து நாளில் எனக்கு அம்மை வார்த்தது.

அந்தக் காலத்து அம்மை எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். ஆத்தா வந்திருக்கா என்று வாசலில் வேப்பிலைக் கொத்து செருகினார்கள். வீட்டில் தாளிப்பு இல்லை, எண்ணெய் இல்லை, யாரும் உள்ளே வரக் கூடாது, யாருக்கும் எதையும் கொடுக்கக் கூடாது. பாயில் வேப்பிலை பரப்பி என்னைப் படுக்கவைத்தார்கள். உடம்பு முழுக்க முத்து. கிள்ளக் கூடாது, சொறியக் கூடாது. என் பையைத் தேடி முள்வாங்கியை எடுத்த அத்தை, “இத்த வெச்சிக் குத்திக்குவ,” என்று சொல்லிப் பரண்மேல் எங்கேயோ போட்டுவிட்டாள். நான் அழுதேன். “ஆத்தா கீற வூட்ல அழக் கூடாது,” என்று சொன்னாள். எனக்கு அது என்னை அதட்டுவதற்காகச் சொன்னதாகத்தான் பட்டது. அது ஒரு சட்டம் என்பதும், அந்தச் சட்டத்துக்கு அவளும் கட்டுப்பட்டவள் என்பதும் பிற்பாடு தெரிந்தது.

ஒரு நாள் காலையில் கண் விழித்தால் அத்தை இல்லை. மாமா மட்டும் இருந்தார். மாமாவுக்கு வேலி கட்டுகிற வேலை. யார் கொல்லைக்கு வேலி வேண்டுமென்றாலும் டயர் செருப்பும் கவைக்கோலும் அரிவாளுமாகப் போவார். முள் கட்டை இழுத்து வருகிற சத்தம் தெருமுனையிலேயே கேட்கும், மண்ணைச் சீவுகிற மாதிரி ஒரு சத்தம். அன்றைக்கு அவர் வேலைக்குப் போகவில்லை. கேழ்வரகுக் கூழைக் கரைத்து என் தலைமாட்டில் வைத்துவிட்டு, குடிக்கும் வரை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அத்த எங்க மாமா?”

“வரும்.”

அன்று பொழுது சாய அத்தை வந்தாள். கதவு வழியாகப் பார்த்தேன். தலை ஈரம், புடவை ஈரம். வீட்டுக்குள் வரவில்லை. என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. நேரே மாட்டுக் கொட்டகைக்குப் போய் அங்கேயே ஒரு சாக்கை விரித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் படுக்கை, சாப்பாடு எல்லாம் அங்கேதான். என் பக்கம் வந்தால் வாசலுக்கு எட்டி நின்றே மாமாவிடம் பேசிவிட்டுப் போய்விடுவாள். என்னைப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கையைப் பார்த்தேன், காலைப் பார்த்தேன். எனக்கே என்னைத் தொடப் பிடிக்கவில்லை. அப்பாவும் வரவில்லை. அப்பாவுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நானே தீர்மானம் பண்ணிக்கொண்டேன். ஒரு சின்னப் பிள்ளை ஒரு அறையில் தனியாக நாளெல்லாம் கிடந்தால் எதையெல்லாம் தீர்மானம் பண்ணும் என்று பெரியவர்கள் யாரும் யோசிப்பதில்லை.

ஒரு நாள் அத்தை கொட்டகை வாசலில் உட்கார்ந்து உள்ளங்காலைத் திருப்பி ஊக்கால் குத்திக்கொண்டிருந்தாள். முள். கண் தெரியாமல் தடவித் தடவிக் குத்தினாள். நான் படுக்கையிலிருந்தே கத்தினேன்: “அத்தே, பரண்மேல முள்வாங்கி கீது. எங்கம்மாவுது. எடுத்துக்கோ.”

அத்தை தலை தூக்கி என்னைப் பார்த்தாள். அப்புறம் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு, ஊக்கும் கையுமாக எழுந்து, ஒற்றைக் காலைக் கெந்திக்கொண்டே வைக்கோல் போருக்குப் பின்னால் போய்விட்டாள். எவ்வளவு ஆழமான முள்ளாக இருந்தால் இவ்வளவு பெரிய அத்தைக்கு அழுகை வரும் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குப் புரிய நாளானது. சாவு வீட்டுக்குப் போய் வந்தவர்கள் ஆத்தா இருக்கும் வீட்டுக்குள் வரக் கூடாது. சாவுச் சேதியும் உள்ளே வரக் கூடாது, அழுகைச் சத்தமும் கேட்கக் கூடாது. யாராவது ஒருத்தர் தீட்டுப் படாமல் இருந்தால்தான் என்னைப் பார்த்துக்கொள்ள முடியும். அத்தை போனாள், மாமா என்னோடு தங்கிவிட்டார். அத்தை காலில் இருந்தது எங்கள் ஊர்ச் சுடுகாட்டுப் பாதை முள்.

அம்மை இறங்கத் தலைக்கு ஊற்றும் மூன்று தண்ணீரில் இரண்டு ஊற்றியாகிவிட்டது, முத்தெல்லாம் கருகிவிட்டது. எழுந்து வாசல்படி வரை நடமாடலாம் என்ற அளவுக்கு வந்துவிட்டேன். அன்றைக்கு மாமா மறுபடி வேலைக்குப் போய்விட்டுத் துண்டில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் கொண்டு வராமல் வாசலுக்கு அந்தப் பக்கம் தரையில் விட்டு, கோழி கவிழ்க்கிற மூங்கில் கூடையை எடுத்து மேலே கவிழ்த்தார். கூடையின் கண் வழியாகப் பார்த்தேன். ஒரு முள் உருண்டை. மூச்சு விட்டது.

“இன்னா மாமா இது?”

“முள்ளம்பன்னிக் குட்டி. வேர்க்கடலைக் கொல்லையில பழைய முள்ள இழுக்கச்சொல்ல உருண்டு வந்துச்சு. உனக்குத் துணைக்கு இருக்கட்டும்னு எடுத்தாந்தேன்.”

அந்த வீட்டில் அத்தனை நாளில் எனக்காக ஒருவர் யோசித்துச் செய்த காரியம் அது. இன்றைக்கும் அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

“இதோட அம்மா எங்க?”

மாமா துண்டை உதறினார். உதறின துண்டை மறுபடி உதறினார்.

“வரும். தேடிக்கினு வரும்.”

முள்ளம்பன்றி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மாமா ஒரு முறை அதன் முள் ஒன்றைக் கொண்டுவந்தார், கறுப்பும் வெள்ளையுமாகச் சாண் நீளத்துக்கு இருந்தது. சண்டை வரும் என்று அத்தை அதைத் தெருவில் வீசிவிட்டாள். அவ்வளவு நீள முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டு, பன்றி அளவுக்குப் பெரிதாக ஒரு அம்மா இந்தத் தெருவில் நடந்து வரப்போகிறது, வந்து கூடையை முட்டித் தள்ளிக் குட்டியைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறது. எனக்குப் பயம்தான். ஆனாலும் வர வேண்டும். அது வந்துவிட்டால் மாமா சொன்னது நிஜம் என்று ஆகிவிடும். அம்மா எப்போது வரும் என்று கேட்டால் மாமா எனக்கும் அதே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

முள்ளம்பன்றி கடலை தின்னும் என்று மாமா ஒரு பிடி வேர்க்கடலை கொடுத்தார். கூடைக் கண் வழியாக ஒவ்வொன்றாகப் போட்டேன். அது தொடவில்லை. பால் ஒரு கொட்டாங்குச்சியில் வைத்தோம், அதையும் தொடவில்லை. குட்டிதானே, அம்மா ஊட்டினால்தான் சாப்பிடும் என்று எனக்குத் தோன்றியது. நானும் அப்படித்தான். பகல் முழுக்க நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அது. யாரும் வரவில்லை. தெருப் பிள்ளைகள் வேப்பிலையைப் பார்த்ததும் அந்தப் பக்கமாக ஓடிவிடுவார்கள். நான் அதனிடம் பேசினேன். அம்மாவிடம் சொல்ல வைத்திருந்ததையெல்லாம் சொன்னேன். கூழில் உப்பே இல்லை என்று சொன்னேன். அத்தைக்கு என்னைப் பிடிக்காது என்று சொன்னேன். உங்கம்மா வந்துவிடும், அழாதே என்றும் சொன்னேன். அது அழவில்லை, உஸ் உஸ் என்று மூச்சுதான் விட்டது. எனக்கு அழுகிற மாதிரி இருந்தது.

மறுநாள் மூன்றாம் தண்ணீர் ஊற்றினார்கள். அத்தைக்கும் தீட்டுக் கழிந்து, அன்றைக்குத்தான் தலை முழுகி வீட்டுக்குள் வந்தாள். வந்து என்னை இழுத்து முகத்தைத் தடவினாள். நான் விறைத்துக்கொண்டு நின்றேன். இத்தனை நாள் எங்கே போனாய் என்கிற கோபம். அவள் கையை விலக்கிவிட்டு வாசலில் போய்க் கூடைக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டேன்.

வெயில் தணிகிற நேரம். நாள் முழுக்க உருண்டையாகக் கிடந்தது அப்போது மெல்லப் பிரிந்தது. கூர் மூக்கு, சின்னக் கண், எலிக் காதைவிடக் கொஞ்சம் பெரிய காது. கூடையைச் சுற்றிச் சுற்றி ஓடியது. அப்புறம் முன்னங்கால் இரண்டையும் மூங்கில் பத்தையில் வைத்து எழுந்து நின்றது. முதுகெல்லாம் முள்ளாக இருந்ததற்கு வயிற்றில் முடிகூட இல்லை. வெறும் தோல்.

அத்தை என் பின்னால் வந்து நின்றாள். கண்ணைச் சுருக்கிக் குனிந்து பார்த்தாள். கிட்டப் போய்ப் பார்த்தாள்.

“யோவ், இங்க வாயா. இத எங்கருந்து எடுத்தாந்த?”

“கொல்லை வேலியில. குட்டி...”

“குட்டியா? நல்லாப் பாரு. காம்பு பாரு. பால் கட்டிக்கினு கீதுய்யா. இது பெத்ததுய்யா. பெத்தத எடுத்தாந்து கூடை கவுத்து வெச்சிக்கீறியே, பாவி. அங்க அதுங்க இன்னா ஆச்சோ!”

மாமா குந்தி உட்கார்ந்து பார்த்தார். “இத்தினியூண்டு கீதே,” என்று சொன்னார். உருவத்தில் சின்னதாக இருந்தால் குட்டி, அவ்வளவுதான். அந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முள்ளெலி என்று தனியாக ஒரு பேர் இருப்பதை நான் கேட்டதே பெரிய பள்ளிக்கூடத்துக்கு வந்த பிறகுதான்.

அத்தை முறத்தை எடுத்து வந்து அதைத் துணியால் தள்ளி ஏற்றினாள். இன்னொரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டாள். “நீயும் வா பாப்பா,” என்றாள். அத்தனை நாளுக்குப் பிறகு நான் தெருவில் இறங்கினேன். கால் துவண்டது. மாமா முன்னால் நடந்தார்.

கொல்லை வேலியில் பழைய முள்ளை இழுத்த இடம் பொக்கையாகக் கிடந்தது. கள்ளித் தூருக்கடியில் ஒரு வளை. மாமா தான் இழுத்துப் போட்டிருந்த முள்ளில் கொஞ்சத்தைக் கவைக்கோலால் எடுத்து மறுபடி அதே இடத்தில் அணைத்து வைத்தார். அத்தை முறத்தைத் தரையில் சாய்த்தாள். அது உருண்டையாகவே கிடந்தது. நாங்கள் தள்ளிப் போய் நின்றோம். வெகுநேரம் கழித்து மூக்கு வெளியே வந்தது. மோந்து பார்த்தது. அப்புறம் விறுவிறு என்று முள்ளுக்கடியில் போய்விட்டது.

“கத்துது பாரு. குட்டிங்க கத்துது, கேக்குதா பாப்பா?” என்றாள் அத்தை. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே கேட்டதா என்றும் தெரியாது. கேட்கிறது என்று தலையாட்டினேன்.

“அப்போ பெரிய முள்ளம்பன்னி வராதா?”

“எங்கருந்து வரும்? இதாம்மா அம்மா.”

“அப்போ எங்கம்மா?”

அத்தை மாமாவைப் பார்த்தாள். மாமா வேலியைப் பார்த்தார். அத்தை அப்படியே வரப்பில் உட்கார்ந்தாள்.

“உங்கம்மா வரமாட்டா கண்ணு. பூட்டா. நீ ஆத்தாவோட படுத்துக்கினு இருந்த, உங்கிட்ட எப்பிடிச் சொல்லுவேன்? வாயில துணிய வெச்சிக்கினு கொட்டாயில கெடந்தேன்.”

எனக்கு அழுகை வரவில்லை. அடுத்த கேள்விதான் வந்தது.

“குட்டி?”

“கீது. பொண்ணு.”

“அதுக்கு யாரு பால் குடுக்கிறது?”

அத்தை என்னை வாரி மடியில் போட்டுக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள். அன்றைக்குச் சட்டம் எல்லாம் முடிந்திருந்தது. கொல்லை முழுக்கக் கேட்க அழுதாள். நான் அவள் புடவையின் ஈர வாசனையை மோந்துகொண்டு, என்னைத் தொட இவளுக்கு அருவருப்பு இல்லை என்பதை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா இல்லை என்பது அதற்கு அப்புறம்தான் வந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது காலில் ஒன்று குத்தியது. மாமா என்னை நிலைப்படியில் உட்காரவைத்து ஊக்கால் நோண்டினார். பரணெல்லாம் தேடியும் முள்வாங்கி கிடைக்கவில்லை. பின்னாளில் கம்பெனிகளுக்காக நிலத்தோடு அந்த வீட்டையும் எடுத்துக்கொண்டு இடித்தபோதுகூடப் போய் நின்று பார்த்தேன், கிடைக்கவில்லை. மாமா முள்ளின் பேரைக் கேட்காமலே நோண்டிக்கொண்டிருந்தார். நானாகவே “நெருஞ்சி” என்று சொன்னேன். “இன்னா?” என்றார் மாமா. “ஒண்ணுமில்ல,” என்றேன். முள் வரவில்லை. தானாகச் சீழ் பிடித்து ஒரு வாரம் கழித்து வந்தது.

மறுநாள் அப்பா வந்து கூட்டிக்கொண்டு போனார். பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றிருந்த அக்கா ஒருத்தி தன் பிள்ளைக்கு ஒரு பக்கமும் எங்கள் பிள்ளைக்கு ஒரு பக்கமும் கொடுத்துக்கொண்டிருந்தாள். வளர்ந்தது. மறைமலை நகரில் இருக்கிற என் தங்கச்சி அவள்தான், என் வீட்டு விசேஷத்தில் உங்களையெல்லாம் உட்கார விடாமல் பரிமாறினாளே, அவள். அம்மாவை அவளுக்குத் தெரியாது. என்னிடம் கேட்டதும் இல்லை. எனக்கும் சொல்ல அதிகம் இல்லை, ஒரு இடுப்பு, ஒரு சாவிக்கொத்து, ஒரு குரல்.

மாமாவின் மேல் எனக்கு வெகுநாள் கோபம் இருந்தது. இரண்டு தாய்க்கும் சேர்த்து ஒரே “வரும்” சொன்ன மனிதர். அவர் செத்த பிறகும் அது போகவில்லை. என் வீட்டுக்காரர் போனபோது பேத்தி என்னிடம் வந்து தாத்தா எப்போது வருவார் என்று கேட்டாள். “வருவார்டா,” என்று என் வாயிலிருந்து வந்தே விட்டது. பக்கத்தில் நின்ற தங்கச்சி, “வரமாட்டாரு கண்ணு, செத்துட்டாரு. வா, வந்து பாரு,” என்று அவளைத் தூக்கிக்கொண்டு போனாள். அன்றைக்கு மாமாவின் மேல் இருந்த கோபம் பாதி குறைந்தது. மீதி அப்படியே இருக்கிறது.

இப்போது இந்த வீட்டில் நான் ஒருத்திதான். மகன் தூரத்தில். மாடிப் பையன்கள் பகலில் தூங்குவார்கள், ராத்திரி கம்பெனி பஸ் ஏறுவார்கள். அந்த வேர்க்கடலைக் கொல்லை இருந்த பக்கமெல்லாம் காம்பவுண்டுச் சுவர், சுவருக்கு மேலே சுருள் சுருளாக முள்கம்பி. கிளாஸ் லீடரின் கிடங்கு அதே கொல்லையில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. கிட்டத்தில்தான் எங்கேயோ.

அதனால்தான் போனில் கத்தினேன். “அது குட்டி இல்லடா. இருட்டுற நேரம் அது தானா எழுந்து நிக்கும். அப்போ வயித்தப் பாரு. பாத்துட்டு எனக்குச் சொல்லு.”

“இன்னா நீ, இன்னும் பள்ளிக்கூடத்துல கத்துற மாதிரியே கத்துற,” என்று சிரித்துவிட்டு வைத்தான்.

தெருவிளக்கு போட்டதும் அவனே கூப்பிட்டான். இந்தத் தடவை சிரிப்பு இல்லை.

“பாத்தேன். நீ சொன்னதுதான். பால் கட்டிக்கினு கீது.”

“எடுத்த எடத்துல கொண்டும்போய் உடு. ஜேசிபி எல்லாத்தையும் வழிச்சிட்டுதா?”

“அந்த மூலை மட்டும் பாக்கி கீது. நாளைக்குக் காலைல வழிக்கிறாங்க.”

“அப்போ இப்பவே போ. நாளைக்கு வர்றவன்கிட்ட அந்த மூலைய உடச் சொல்லு. நீதானே சூப்பர்வைசர்?”

“சொல்றேன். கேப்பானான்னு தெரில, சொல்றேன்.” பக்கத்தில் ஒரு பிள்ளை மூக்கை உறிஞ்சுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னான்: “பேரன் அழுவுறான். அதோட அம்மா வர்றதுக்குள்ள ஏன் கொண்டும்போறன்னு கேக்குறான். இன்னா சொல்றது?”

“வரும்னு சொல்லாத,” என்றேன். “அதான் அம்மான்னு சொல்லு.”